வரேன் என்றால் போகிறேன்

மார்ச் 3, செவ்வாய்

அக்கா,

அப்பாவோடு உனக்குச் சண்டை. சரி. அதற்காக என் நம்பரையும் சேர்த்து பிளாக் செய்து வைத்திருக்கிறாயே, நான் என்ன பாவம் செய்தேன்? நல்லவேளை, மெயிலை மறந்துவிட்டாய். பொட்டலம் மடித்து வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிக்கிறவள் நீ. இதைப் படிக்காமல் விடமாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எனக்குத் தலைகால் புரியவில்லை அக்கா. ஹேக்கத்தானில் எங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. காலையில், நாங்கள் கொசு என்று கூப்பிடுகிற வகுப்புத் தோழி போன் செய்து, "கிடைச்சிருச்சு கிடைச்சிருச்சு" என்று கத்தினாள். என்ன கிடைத்தது என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். தொலைந்துபோன அவள் செருப்புதான் கிடைத்துவிட்டதோ என்று நான் கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஊரிலுள்ள கல்லூரிப் பிள்ளைகளை எல்லாம் ஒரு பெரிய ஹாலில் உட்காரவைத்து, ஒரு சிக்கலைக் கொடுத்து, சனி ஞாயிறு இரண்டு பகலுக்குள் அதற்கு ஒரு பொருளைச் செய்து மேடையில் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். அதுதான் ஹேக்கத்தான். முதல் இரண்டு அணிகளுக்கு ஆய்வுக்கூடத்தில் ஆளுக்கொரு மேசை, வருஷம் முழுக்க. எங்கள் அணியில் இருக்கிற சுத்தியலுக்கு அந்த மேசைமேல்தான் கண். அப்பாவிடம் சொன்னேன். "ஹேக்குன்னா அடுத்தவன் கம்ப்யூட்டர்ல பூந்து திருடறதுதானே? அதுக்குப் போட்டி வேற வைக்கறாங்களா?" என்றார். "இவ எங்க திருடறது, வெச்ச சாவியவே இவளால கண்டுபிடிக்க முடியலை" என்றாள் அம்மா.

அணியில் மூன்று பேர். கொசு ஒல்லியாக இருப்பாள், காதோரம் எதையாவது முனகிக்கொண்டே புரோகிராம் எழுதுவாள். சுத்தியல் வயர், பலகை, விளக்கு எல்லாம் பார்க்கிறவன். எது ஓடாவிட்டாலும் முதலில் ஒரு தட்டு தட்டுவான். பாதி நேரம் அது ஓடிவிடுகிறது, அதனால் அவனைத் திருத்தவும் முடியவில்லை. மூன்றாவது நான். யோசிப்பது, மேடையில் பேசுவது, அவர்கள் இருவரையும் விலக்கிவிடுவது என் வேலை.

சிக்கலை முன்பே சொல்லிவிட்டார்கள்: வீட்டில் தினமும் நடக்கிற ஒரு தொந்தரவு. எனக்கு உடனே நம் அப்பாதான் ஞாபகம் வந்தார். நான் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது இங்கே என் அறைக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறாராம். போன வாரம் அம்மா கடைக்குப் போனது தெரியாமல், சமையலறையைப் பார்த்து அச்சகத்தில் நடந்த கதை ஒன்றை முழுசாகச் சொல்லி முடித்திருக்கிறார். மறதி வந்துவிட்டதோ என்று அம்மாவுக்குப் பயம்.

அதனால் வாசலில் ஒரு பலகை வைக்கிறோம். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கு. 'உள்ளே' பக்கம் எரிந்தால் வீட்டில் இருக்கிறார், 'வெளியே' பக்கம் எரிந்தால் கிளம்பிவிட்டார். பொத்தான் எதுவும் அழுத்த வேண்டாம். வாசலில் நாம் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னால் போதும், குரலை வைத்து யார் என்று பலகையே கண்டுபிடிக்கும். பெயர்கூட வைத்துவிட்டோம்: 'சொல்லிக்கிட்டுப் போ'.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பலகையில் நாலு விளக்கு. நாலாவது உன்னுடையது. உன் குரல் வேண்டும். வாசலில் நீ சொல்வதை போனில் பதிவு செய்து அனுப்பு. அப்பா இன்னும் 'சொல்லாம கொள்ளாம போயிட்டா' என்றுதான் உன்னைப் பற்றிச் சொல்கிறார். அதனால் கேட்கவே தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

உன் வாலு

மார்ச் 5, வியாழன்

வாலு,

படிக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். பொட்டலக் காகிதம் என்று எழுதி என்னை மடக்கிவிட்டாய்.

இடம் கிடைத்ததற்குச் சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். அதைப் படித்தபோது இன்னும் ஜன்னல் வைக்காத ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து கதவுச் சக்கரத்துக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். சிரித்தேன். ஃபோர்மேன் கீழேயிருந்து, "மேல என்னம்மா ஜோக்கு, எங்களுக்கும் சொல்லு" என்றார். தங்கச்சி திருட்டுப் போட்டிக்குப் போறா என்றேன்.

பதிவு மட்டும் அனுப்பமாட்டேன்.

சொல்லாமல் கொள்ளாமல் போனேனா? நன்றாக இருக்கிறது கதை. அன்றைக்கு நீ கல்லூரியில், அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஷூவை மாட்டி, பையைத் தோளில் போட்டு, வாசற்படியில் நின்று, "அப்பா, வரேன்" என்றேன். ஜன்னலோரம் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. ஒருவேளை எழுந்து வருவாரோ என்று அங்கேயே நின்றேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதற்கு மேல் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது, கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கு முந்தின வாரம் முழுக்க அவர் பேசிய பேச்சு உனக்குத் தெரியும். "லிஃப்ட் கிணத்துல தொங்கறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?" அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பேசுகிற மனிதர் பேசட்டும். கிளம்புகிற பெண் முகத்தைப் பார்க்காமல் பேப்பரைப் புரட்டியதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. உன் பலகைக்கு மூன்று விளக்கு போதும்.

அக்கா

மைக்கை எங்கே வைக்கிறீர்கள்? கதவு நிலையில் ஒட்டி வைத்துவிடாதீர்கள், கதவு அதிரும்போது அது மட்டும்தான் கேட்கும்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா,

மைக்கைப் பற்றிக் கேட்டாய் பார், அங்கே மாட்டிக்கொண்டாய். சுவரில்தான் வைத்திருக்கிறோம். நாலாவது விளக்கை நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன்.

நேற்று நம் வீட்டில் ஒத்திகை. அப்பா வேலைக்குக் கிளம்பும்போது, "வரேன்" என்றார். அம்மா பக்கத்து வீட்டுக்குக் கிளம்பும்போது, "வரேண்டி" என்றாள். நானும் "வரேன்" என்று பலகைக்குச் சொல்லி, பூட்டிக்கொண்டு கிளம்பினேன். கொசுவையும் சுத்தியலையும் கூட்டிக்கொண்டு பெருமையாகத் திரும்பி வந்து கதவைத் திறந்தால், மூன்று விளக்கும் 'உள்ளே'. பூட்டின வீட்டுக்குள் குடும்பம் மொத்தமும் சௌக்கியமாக இருக்கிறது.

சுத்தியல் பலகையைத் தட்டினான். இந்தத் தடவை அது உதவவில்லை. கொசுதான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். 'வரேன்' என்றால் உள்ளே வருகிறார், 'போறேன்' என்றால் வெளியே போகிறார் என்று அவள் புரோகிராமுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். 'போறேன்' என்று வாய் தவறிச் சொன்னாலே மண்டையில் குட்டி, "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று வளர்த்த வீடு நம்முடையது. அவள் வீடும் அப்படித்தான். பேச்சு வந்த நாளிலிருந்து 'வரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் மூன்று பேரும் வெளியே போகிறோம், மூன்று பேருக்கும் அது உறைக்கவே இல்லை.

சரி, 'வரேன்' என்றால் போகிறேன் என்று மாற்றிவிடலாம் என்றான் சுத்தியல். மாற்றினோம். அந்த நேரம் பார்த்து, அதற்குள் திரும்பி வந்திருந்த அம்மா குளியலறையிலிருந்து, "இதோ வரேன், யாரு பெல் அடிச்சது?" என்று கத்தினாள். பலகை அம்மாவை வெளியே அனுப்பிவிட்டது. சரி, 'வந்துட்டேன்' என்றாலாவது உள்ளே என்று நம்பலாமா என்று கொசு கேட்டாள். அதற்குள் சுத்தியலுக்கு அவன் வீட்டிலிருந்து போன். "இதோ, பக்கத்துல வந்துட்டேன்" என்றான், நம் வீட்டு சோபாவில் படுத்தபடியே. நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். போட்டிக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை, கையில் இருப்பது பொய் சொல்கிற பலகை. ஆனால் அக்கா, இவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை.

அடுத்தது சிரிக்கிற விஷயம் இல்லை.

அப்பாவின் குரலைப் பதிவு செய்து, சரியாக வந்திருக்கிறதா என்று அவருக்கே போட்டுக் காட்டினேன். "நல்லா இருக்கே, என் குரல்தான்" என்றார். நான் ஸ்பீக்கரையே போடவில்லை அக்கா. சத்தமே வரவில்லை. கம்ப்யூட்டரில் கோடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குச் சந்தேகம் வந்தது. அவருடைய இடது பக்கம் போய் நின்று, சாதாரணக் குரலில், "அப்பா, உங்க கண்ணாடிய உடைச்சுட்டேன்" என்றேன். அந்தக் கண்ணாடியை நான் தொட்டாலே கத்துகிறவர், கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் போய் அதையே சொன்னேன். துள்ளி எழுந்தார்.

மறதி எதுவும் இல்லை. இடது காது போய்விட்டது, வலதிலும் பக்கத்தில் நின்று சொன்னால்தான் கேட்கிறது. இடதுதான் அச்சு மெஷின் பக்கம் இருக்கிற காது. வெளியே தெரிந்தால் மெஷினிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று ரொம்ப காலமாகவே மறைத்துக்கொண்டிருக்கிறார். "அம்மாட்ட சொல்லிடாத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு அந்த நாற்காலி எந்தப் பக்கம் பார்த்து இருந்தது? வாசல் அவருக்கு எந்தக் காதுப் பக்கம்?

வாலு

மார்ச் 10, செவ்வாய்

வாலு,

ஜன்னலைப் பார்த்து. வாசல் இடது பக்கம்.

நேற்று முழுக்க வேலையில் கவனமில்லை. ஒரு கதவைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அது நன்றாகத்தான் இருந்தது.

காது கேட்கவில்லை என்று தெரிந்ததும் நான் உருகிவிட வேண்டுமா? உனக்கு எல்லாமே சுலபம். நான் இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டுதான் இந்த ஊரில் வீடு பிடித்தேன், வேலை கற்றேன், காய்ச்சலில் தனியாகக் கிடந்தேன். சும்மா பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனிதர் மேலா இத்தனையும் என்று இப்போது கேட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? அதோடு, லிஃப்ட் கிணறு என்று அவர் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடாது. அவருக்குத்தான் காது போயிருக்கிறது, எனக்கு இல்லை.

பதிவை இணைத்திருக்கிறேன். இங்கே எங்கே போனாலும் டிரில் சத்தம். அதனால் லிஃப்ட் கூண்டுக்குள் போய்ச் சொன்னேன். வெளியே நின்ற ஃபோர்மேன், "யாருக்கும்மா டாட்டா காட்டற?" என்றார். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், இன்னொரு தடவை வராது.

போட்டிக்கு மட்டும். அவருக்குப் போட்டுக் காட்டாதே.

அக்கா

மார்ச் 14, சனி

அக்கா,

ஹாலிலிருந்து வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாயங்காலம் எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவை மூடிவிட்டார்கள். எழுத்துப் பிழை இருந்தால் டிரைவரைத் திட்டு.

நீ பார்த்திருக்க வேண்டும். ஹால் முழுக்க நீள மேசைகள், தரையெல்லாம் வயர். கால் வைக்கிற இடமெல்லாம் யாருடைய சார்ஜராவது. எங்களுக்குப் பக்கத்து அணி எல்லோரும் ஒரே மாதிரி மஞ்சள் சட்டையில் வந்திருந்தார்கள், குளிர்பதனப் பெட்டிக்குள் எது கெட்டுப்போகப் போகிறது என்று சொல்லும் பொருளைச் செய்கிறார்கள். நாங்கள் மூன்று பேர் மூன்று விதமாக இருந்தோம், சுத்தியல் ஒரு கதவோடு வந்திருந்தான். அவன் வீட்டுப் பழைய அலமாரிக் கதவு. அதைச் சட்டத்தில் மாட்டி, தாழ்ப்பாள் வைத்து, எங்கள் வாசல் என்று மேசைக்கு முன்னால் நிறுத்திவிட்டான். மஞ்சள் சட்டைக்காரர்கள் அதன் வழியாகப் புகுந்து புகுந்து போய் டீ குடித்தார்கள்.

மத்தியானம் வரை ஒன்றும் நடக்கவில்லை. எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கொசு எழுதுவாள், சுத்தியல் அதைப் பொய்யாக்க ஒரு வாக்கியம் சொல்வான். கடைசியில் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "நீயே பண்ணிக்க. நான் வரேன்" என்று அந்த அலமாரிக் கதவைப் படாரென்று சாத்திவிட்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு, "இல்ல, நான் ஏன் போகணும்?" என்று திரும்பி வந்தாள்.

நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைக் எல்லாவற்றையும் பிடித்திருந்தது. போகும்போது முதலில் அவள் குரல், பிறகு கதவு. வரும்போது முதலில் கதவு, பிறகு குரல். "மறுபடி கோச்சுக்கிட்டுப் போ" என்றேன். "என்னது?" என்றாள். "கோச்சுக்கிட்டுப் போடி, ப்ளீஸ்" என்றேன். போனாள், வந்தாள். போனாள், வந்தாள். சுத்தியலும் போய் வந்தான். மஞ்சள் சட்டைக்காரர்களையும் கெஞ்சி அனுப்பினோம். குரலுக்கு அப்புறம் தாழ்ப்பாள் சத்தம் வந்தால் போகிறார், தாழ்ப்பாளுக்கு அப்புறம் குரல் வந்தால் வருகிறார். வார்த்தை 'வரேன்' ஆக இருந்தால் என்ன, 'அட போப்பா' ஆக இருந்தால் என்ன. குளியலறையிலிருந்து கத்தினால் கதவுச் சத்தமே இல்லை, பலகை பேசாமல் இருக்கும்.

ஓடுகிறது அக்கா. பொய் சொல்லாமல் ஓடுகிறது. சுத்தியல் சந்தோஷத்தில் மேசையைத் தட்டியதில் ஒரு விளக்கு கழன்றுவிட்டது, அவனே மாட்டினான்.

ஒரே ஒரு குறை, அது நீ. ஒத்திகையில் நம் வாசலில் பதிவான எல்லோர் குரலையும் போட்டுப் பார்த்தோம், எல்லாம் சரியாக வெளியே போகிறது. உன் பதிவைப் போட்டால் மட்டும் உன் விளக்கு 'உள்ளே' என்று எரிகிறது. எத்தனை தடவை போட்டாலும் 'உள்ளே'தான். என்ன காரணம் என்று பிடிபடவில்லை. "நாளைக்கு அது மானத்தை வாங்கும், மூணு விளக்கு போதும்னு விட்டுடலாமே" என்றாள் கொசு, பாவம், மெதுவாகத்தான் சொன்னாள். முடியாது என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

நாளைக்கு வீட்டு ஆட்களும் வரலாம். அப்பா சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார்.

வாலு

மார்ச் 15, ஞாயிறு காலை

வாலு,

மடையர்களா, அது லிஃப்ட் கதவு. கூண்டுக்குள் போய்க் கதவை மூடிவிட்டுத்தான் சொன்னேன். மூடினால்தானே அமைதியாக இருக்கும். பதிவின் ஆரம்பத்திலேயே 'டக்' என்று கேட்கும், கவனித்துப் பார். உங்கள் கணக்குப்படி முதலில் கதவு, அப்புறம் குரல். அதான் உள்ளே வந்துவிட்டேன். அந்தத் துண்டை வெட்டிவிட்டால் சரியாகும்.

நேரமில்லை என்றால் என் விளக்கையே எடுத்துவிடு. கொசு சொல்வதுதான் சரி. அந்த மேசை உங்களுக்குக் கிடைக்க வேண்டும். எனக்காக முரண்டு பிடித்துக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன்னால் காலையிலிருந்து எனக்கு டீ இறங்கவில்லை. முடிந்ததும் எழுது.

அக்கா

மார்ச் 15, ஞாயிறு மாலை

அக்கா,

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வரிசையாகவே சொல்கிறேன்.

உன் மெயிலைப் படித்தது மேடைப் படி ஏறும்போது. வெட்ட நேரமில்லை. கொசுவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "லிஃப்டா?" என்று சிரிக்க ஆரம்பித்தவள் மேடையிலும் நிறுத்தவில்லை.

சுத்தியலின் கதவு மேடைக்கு வந்ததும் சிக்கிக்கொண்டது. ஒரு தட்டு தட்டினான், திறந்தது, ஹாலே கைதட்டியது. நான் பலகையைக் காட்டி, 'வரேன்' என்றால் போகிறேன் என்று அர்த்தமாகிற வீடுகளைப் பற்றிப் பேசினேன். பூட்டின வீட்டில் குடும்பமே இருந்த கதையைச் சொன்னேன். நடுவர்களில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் "வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். என் விளக்கு 'வெளியே' போனது. திறந்து, "அம்மா, தண்ணி" என்றேன். 'உள்ளே' வந்தது. அம்மா முன் வரிசையிலிருந்து பழக்க தோஷத்தில், "இரு, எடுத்துட்டு வரேன்" என்றாள். அதற்குக் கைதட்டல் நிற்கவே இல்லை.

அப்போது அந்த நடுவர் அம்மா கேட்டார். "நாலாவது லைட் யாரு? நேத்திலேர்ந்து பாக்கறேன், உள்ளேயே இருக்காங்களே."

"எங்க அக்கா. வேற ஊர்ல இருக்காங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப உங்க பலகை தப்பு காட்டுது."

"ஆமா மேடம், தப்புதான். ஏன் தப்புன்னு காலையிலதான் தெரிஞ்சுது."

ஏன் என்று காட்டச் சொன்னார். காட்ட வேண்டுமென்றால் உன் குரலைப் போட வேண்டும். அவருக்குப் போட்டுக் காட்டாதே என்று நீ சொல்லியிருந்தாய், எனக்கு அது மறக்கவில்லை. அப்பா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலது பக்கம், ஆள் உயர ஸ்பீக்கர். நான் கொசுவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். போடு என்றேன். திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள்.

'டக்'. "அப்பா, வரேன்."

ஹால் முழுக்க உன் குரல். அப்பா எழுந்து, திரும்பி, வாசலைப் பார்த்தார் அக்கா.

அங்கே யாரும் இல்லை, மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் டீக் குவளையோடு நின்றுகொண்டிருந்தான். அப்பா மறுபடி மேடைப் பக்கம் திரும்பினார். இப்போதெல்லாம் அவர் பேசினால் சத்தமாகத்தான் பேசுகிறார், அது ஏன் என்று இப்போது உனக்கும் தெரியும். அந்தக் குரலில், அத்தனை பேர் முன்னால், "இது எப்ப சொன்னா?" என்றார்.

மைக்கில்தான் சொன்னேன், வேறு எப்படிச் சொன்னாலும் அவருக்குக் கேட்காதே. "அன்னைக்கே சொன்னாப்பா. கிளம்பறப்பவே வாசல்ல நின்னு சொன்னா. உங்களுக்குத்தான் கேக்கலை." அம்மா அவரைப் பார்த்தாள். அவளிடமும் விஷயம் உடைந்துவிட்டது. அப்பா ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார். பிறகு, "இன்னொரு தடவை போடும்மா" என்றார்.

அந்த நேரத்தில் மணி அடித்துவிட்டார்கள். எங்கள் நேரம் முடிந்தது. மணிக்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் மதிப்பெண் குறையும் என்று காலையிலேயே எச்சரித்திருந்தார்கள். நான் அப்படியே நின்றேன். என் மேசை மட்டும் என்றால் சரி, மூன்று பேர் மேசை அல்லவா. கொசுதான் என்னைக் கேட்காமலே பொத்தானை அழுத்தினாள். "அப்பா, வரேன்." மறுபடி அழுத்தினாள். சுத்தியல் ஸ்பீக்கரை அப்பா பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்தான்.

மூன்றாம் இடம். மேசை இல்லை. இரண்டாம் இடம் மஞ்சள் சட்டைக்கு. மணிக்குப் பின் ஓடியதற்காகக் குறைத்த மதிப்பெண்தான் வித்தியாசம் என்று அந்த நடுவர் அம்மாவே வந்து சொன்னார். நான் சுத்தியலிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட போப்பா" என்றான். அவன் கையில் கதவு இருந்தது, என் வலது காதுப் பக்கம் இருந்துதான் சொன்னான், நன்றாகவே கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்த நாற்காலியைத் தூக்கி வாசலைப் பார்த்தாற்போல் போட்டிருக்கிறார். உன்னைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. லிஃப்டுக்குள் போன் எடுக்குமா என்று மட்டும் கேட்டார்.

வாலு

மார்ச் 17, செவ்வாய்

வாலு,

உன்னை நன்றாகத் திட்ட வேண்டும். இரண்டு நாளாக முயற்சி செய்கிறேன், வரவில்லை.

திரும்பிப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை ஃபோர்மேனிடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எத்தனை நாள் லீவு வேணும்?" என்றார்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரேன். கொசுவிடம் சொல்லிவை, இது நிஜமாகவே வருகிற வரேன். கிணறு, கயிறு என்று அவர் பழைய பேச்சை எடுத்தால் மறு பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன், அதையும் அவருடைய வலது பக்கம் நின்று சொல்லிவிடு.

போனில் உன் நம்பரைத் திறந்துவிட்டேன். அவருடையதையும்தான். லிஃப்டுக்குள்ளும் எடுக்கும் என்று சொல்.

அக்கா

மார்ச் 31, செவ்வாய்

அக்கா,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததை போனில் சொன்னாய். இருந்தாலும் எழுதுகிறேன், இது போனில் சொல்கிற விஷயம் இல்லை.

நீ இங்கே இருந்த நாட்களில் கேட்டதைப்போல் அப்பா இத்தனை கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. கயிறு அறுந்தால் என்ன ஆகும், பிரேக் எங்கே இருக்கும், கூண்டின் மேல் உட்காரும்போது எதைப் பிடித்துக்கொள்வாய். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் அதை வைத்தே மறுபடி சண்டை போட்டபோது அம்மாவும் நானும் சமையலறையில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் பாதியில் நிறுத்தி, "சரி, பெல்ட்டாவது ஒழுங்கா போட்டுக்க" என்றதும்தான் எங்களுக்கு மூச்சு வந்தது. அச்சகத்தில் அவரே போய்க் காதைப் பற்றிச் சொல்லிவிட்டார். அச்சடித்த தாள்களைச் சரிபார்க்கிற இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். காதில் மாட்டுகிற கருவி வந்தாயிற்று. "இந்த வீட்ல இவ்வளவு சத்தமாவா இருந்தீங்க?" என்று எங்களைத் திட்டுகிறார்.

எங்கள் அணிக்கு ஆய்வுக்கூட மேசை இல்லாததால் கொசுவும் சுத்தியலும் நம் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம்.

நேற்று நீ கிளம்பினாய் அல்லவா. அப்பா முகத்துக்கு நேராக நின்று, "அப்பா, வரேன்" என்றாய். அவர், "சரிம்மா, போயிட்டு வா" என்றார். கதவைச் சாத்தினாய். முதலில் குரல், அப்புறம் தாழ்ப்பாள். உன் விளக்கு ஒழுங்காக 'வெளியே' போனது. கொசுவுக்கு ரொம்பப் பெருமை.

இன்று சாயங்காலம் நான் கல்லூரியிலிருந்து வந்தபோது அப்பா பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் போன். உன் பழைய பதிவை எப்போதோ கொசுவிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். முதலில் அதைத் தன் காதில் வைத்துக் கேட்டார். அப்புறம் போனைப் பலகையின் மைக்குப் பக்கம் நீட்டினார். 'டக்'. "அப்பா, வரேன்." உன் விளக்கு 'உள்ளே' வந்தது. அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை எடுத்துக்கொண்டார்.

கொசுவிடம் சொன்னேன். பதிவைப் போட்டு ஏமாற்றினால் அது பலகையின் குறை, நாளைக்கே வந்து சரிசெய்கிறேன் என்றாள். அப்பாவிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அதெல்லாம் ஒண்ணும் தொட வேண்டாம். நல்லாதான் ஓடுது" என்றார்.

வாலு